வழக்கிறந்த ஓர் ஆங்கில வினைச்சொல்

கிறித்தவ வேதாகமத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் மிகுந்த புகழ் வாய்ந்தது, முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், 1611ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமம் முப்பதாம் அதிகாரத் தொடக்கத்தில், எகிப்து நாட்டுக்கு வரவிருக்கும் அழிவு நாளை எண்ணிப் புலம்புமாறு கட்டளை பிறக்கிறது. அந்நாளைக் குறித்து ஓலமிடும் இடத்தில் ‘வோ வர்த்’ என இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘வோ’ என்பது துன்பம், கேடு. ‘வர்த்’ என்பது யாது?

ஆங்கிலம் பயின்ற மாணவன் ஒருவனைக் கேட்டால், ‘வர்த்’ என்பது பெறுமதி என உடனே விடை கூறுவான். அப்பொருளை இங்கே வைத்துப் பார்த்தால், ‘அந்த நாள் துன்பப்படுதற்குத் தக்கது’ என்று ஒருவாறு இழுத்துப் பிடித்துக் கருத்துக் கொள்ளலாம். படித்தவர் பலரும் அவ்வாறே கொண்டு மேலே செல்வர். ஆயினும் அது தவறு. இங்கு வரும் ‘வர்த்’ பெயருமன்று, பெயரடையுமன்று. அது ஒரு வினை. ‘ஆகுக’ என்னும் வியங்கோட் பொருளில் அது நிற்கிறது. ‘அந்நாளுக்குக் கேடு ஆகுக’ என்பதே தொடரின் நேர்பொருள். ‘நாளுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையும் அதனுள் மறைந்து கிடக்கிறது. ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை இழந்துவிட்டமையால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சேர் வால்டர் ஸ்கொட் 1810ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏரியின் நங்கை’ என்னும் நெடும்பாட்டில், மானைத் துரத்திச் சென்ற வேட்டைக்காரன் ஒருவன், களைத்து வீழ்ந்து மாண்ட தன் குதிரையைப் பார்த்து அழுமிடத்திலும் இவ்வினை வருகிறது. ஸ்கொட் பழமையில் ஆசை மிக்கவர். பழைய காலத்துக் கதைக்குப் பழைய சொல்லைத் தேடி எடுத்தார். அவர் நாளிலேயே அதனைப் பேசுவார் ஒருவருமிலர்.

இவ்வாறு ஒரேயொரு சாபத் தொடரில் மாத்திரம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் இச்சொல், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், அல்பிரட் மன்னன் ஆண்ட காலத்து ஆங்கிலத்தில், நாள்தோறும் வழங்கிய வினை. அன்று அதன் வடிவம் ‘வெயோர்தன்’ என்பது. ‘ஆதல்’ என்பது பொருள். இருள் ஆயிற்று, அவன் அரசன் ஆயினான், அது பாழ் ஆயிற்று என்பன போன்ற வாக்கியங்களெல்லாம் இதனைக் கொண்டே முடிந்தன. இதன் உடன்பிறப்புகள் ஐரோப்பாவில் இன்றும் நலமாக வாழ்கின்றன. ஜேர்மன் மொழியில் ‘வேர்டன்’ என்னும் வினையின்றி ஒரு பக்கம் எழுத இயலாது. எதிர்காலங் காட்டுவதும் அதுவே. செயப்பாட்டு வினையை ஆக்குவதும் அதுவே. ஒல்லாந்தர் ‘வொர்டன்’ என்கின்றனர். ஐஸ்லாந்து மக்களிடமும் அது உண்டு. நான்காம் நூற்றாண்டிலே வுல்பிலா என்னும் ஆயர் வேதாகமத்தைக் கொதிய மொழியிற் பெயர்த்தபோதும் இதே வினையைக் கையாண்டார்.

ஆங்கிலர் இதனைக் கைவிட்டனர். ‘ஓரிடத்தை வந்தடைதல்’ என்று பொருள்பட்ட ‘பிகம்’ என்னும் வேறொரு வினை மெல்ல மெல்ல ‘ஆதல்’ என்னும் பொருளுக்கு நகர்ந்து, பழைய வினையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பழைய வினை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதனால் ஆங்கிலத்துக்கு நட்டமும் ஏற்பட்டது. ‘கதவு மூடப்பட்டது’ என்பதும் ‘கதவு மூடியிருந்தது’ என்பதும் தமிழில் வேறு வேறு. முன்னையது நிகழ்ச்சி, பின்னையது நிலை. ஜேர்மன் மொழியிலும் ‘வேர்டன்’ முன்னதைக் காட்ட, வேறொரு வினை பின்னதைக் காட்டும். பழைய ஆங்கிலமும், அத்துணைக் கண்டிப்பாக அன்றாயினும், இவ்வேறுபாட்டைக் காட்டவல்லதாயிருந்தது. இக்கால ஆங்கிலமோ இரண்டையும் ஒரே வாக்கியத்தாற் சொல்லிவிட்டு, எது பொருளென்று ஊகிக்கும் பொறுப்பைக் கேட்பவன் தலையில் வைக்கிறது.

வினை மறைந்தாலும் அதன் கிளைகள் சில எஞ்சின. ‘வீட்டை நோக்கி’, ‘பின்னோக்கி’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் நிற்கும் ‘வேட்’ என்னும் விகுதி இவ்வினத்ததே. ‘விர்ட்’ என்று பழைய ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் இருந்தது. ஆகியே தீர்வது, அதாவது ஊழ், என்பது அதன் பொருள். அதுவே இன்று ‘வியர்ட்’ என்னும் பெயரடையாய் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே தோன்றும் மூன்று சூனியக்காரிகளுக்கு அவ்வடையைக் கவிஞர் வழங்கியபோது, ‘ஊழின் மகளிர்’ என்பதே கருத்து. அவர்களுடைய கோலத்தை மேடையிற் கண்ட பிற்காலத்தவர், அச்சொல்லுக்கு ‘விசித்திரமான, அச்சந் தருகிற’ என்று பொருள் கொண்டுவிட்டனர். சொற்களின் பொருளை மாற்றுவதில் நாடக மேடைக்கும் பங்குண்டு போலும்.

இனி, அறிஞர் உலகை நெடுநாள் மயங்கவைத்த செய்திக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இவ்வினை எல்லாக் காலத்திலும் எல்லா எண்ணிலும் ஒரே மெய்யொலியை உடையதாயில்லை. ‘ஆதல்’ என்பதற்கு ‘வெயோர்தன்’; ‘அவன் ஆயினான்’ என்பதற்கு ‘வெயார்த்’. இவ்விரண்டிலும் நாவைப் பற்களிடையே வைத்து மூச்சை உரசவிட்டு ஒலிக்கும் தகரம் வருகிறது. ஆனால் ‘அவர்கள் ஆயினர்’ என்பதற்கு ‘வுர்டொன்’. ‘ஆகிய’ என்னும் எச்சத்துக்கு ‘வொர்டென்’. இங்கே தகரம் போய் டகரம் வந்துவிட்டது. ஒருமைக்கு ஒரு மெய், பன்மைக்கு வேறொரு மெய். ஏன்?

இக்கேள்வியின் கனத்தை உணர்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1786ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 2ஆம் நாள், கல்கத்தாவில், ஆசியக் கழகத்தின் ஆண்டு விழாவில், நீதிபதியான சேர் வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் தம்முள் கொண்டுள்ள ஒற்றுமை தற்செயலாய் வந்ததாகாது. அவை மூன்றும், இப்போது ஒருகால் மறைந்துபோயிருக்கக்கூடிய, பொதுத் தாயொன்றிலிருந்து பிறந்தனவாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஜேர்மானிய மொழிகளும் அக்குடும்பத்தவையே ஆகலாமென அவர் கூறினார். கூறுவது எளிது, நிறுவுவது அரிது. நிறுவும் வேலையைத் தொடங்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்மஸ் ராஸ்க்கும், ஜேர்மனியிற் குழந்தைக் கதைகளைத் தொகுத்துப் பேர்பெற்ற சகோதரர் இருவருள் மூத்தவரான யாக்கோப் கிரிம்மும் ஆவர். ராஸ்க்கின் நூல் 1818இலும், கிரிம்மின் இலக்கணத்து இரண்டாம் பதிப்பு 1822இலும் வந்தன.

அவர்கள் கண்டது இது: இலத்தீனிலும் வடமொழியிலும் பகரம் நிற்குமிடத்தில், ஜேர்மானிய மொழிகளில் உதட்டையும் பல்லையும் உரசி எழும் ஒலி நிற்கிறது. இலத்தீனிற் ககரம் நிற்குமிடத்தில் ஹகரம் நிற்கிறது. அவ்வாறே வல்லொலித் தகரம் நிற்குமிடத்தில் உரசொலித் தகரம் நிற்கிறது. வடமொழியில் ‘த்ரி’ என்னும் மூன்று, ஆங்கிலத்தில் உரசொலியோடு ‘த்ரீ’ ஆகிறது. தமிழெழுத்தில் இரண்டுக்கும் ஒரே தகரந்தான் எழுதவேண்டியிருக்கிறது. செவிக்கோ அவை வேறு. இம்மாற்றம் ஒரு சொல்லில் இரு சொல்லில் அன்று, வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான சொற்களில் நேர்ந்திருக்கிறது. கிரிம் விதி என இதற்குப் பெயராயிற்று.

ஆனால் விதியை மீறும் சொற்களும் ஒரு கூட்டமாக இருந்தன. வடமொழியில் ‘பிதர்’, ‘மாதர்’, ‘ப்ராதர்’ என்னும் தந்தை, தாய், தமையன் பெயர்கள் மூன்றிலும் இடையில் நிற்பது ஒரே தகரம். விதிப்படி மூன்றும் பழைய ஆங்கிலத்தில் உரசொலித் தகரம் பெற்றிருத்தல் வேண்டும். தமையன் பெயர் அவ்வாறே ‘ப்ரோதொர்’ என வந்தது. தந்தையோ ‘பேடெர்’, தாய் ‘மோடொர்’. இன்றைய ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றுபோல் ஒலிப்பது, 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நேர்ந்த வேறொரு மாற்றத்தால். ஜேர்மன் மொழி பழைய வேறுபாட்டை இன்றும் விடவில்லை: தந்தையும் தாயும் ‘பாட்டர்’, ‘முட்டர்’, தமையன் ‘ப்ரூடர்’. ஒரே வீட்டில், ஒரே ஒலி, ஏன் இருவேறு வழியிற் சென்றது?

இத்தகைய சொற்களைச் சிலர் வெறும் விதிவிலக்கென ஒதுக்கினர். ஒலி மாற்றம் பெரும்பாலும் நிகழும், சிற்சில இடங்களில் நிகழாது, அவ்வளவே என்று அமைதி கண்டவரும் உண்டு. அந்த அமைதியை ஏற்றுக்கொண்டால் சொல்லாராய்ச்சி முழுவதும் ஆட்டங்காணும். விதி வேண்டுமிடத்தில் விதியும், வேண்டாவிடத்தில் விலக்கும் சொல்லலாமென்றால், எச்சொல்லையும் எச்சொல்லோடும் சேர்த்துவிடலாமன்றோ?

இம்முடிச்சை அவிழ்த்தவர் கார்ல் வேர்ணர் என்னும் டென்மார்க் நாட்டு இளைஞர். 1846ஆம் ஆண்டு ஓகூஸ் நகரிற் பிறந்தவர். அப்போது பெரிய பதவி எதனையும் வகித்தவரல்லர். ஒருநாள் உடல் நலமின்றிப் பகலில் உறங்க எண்ணி, உறக்கம் வருதற்பொருட்டு ஒரு நூலை எடுத்தாராம். கைக்கு அகப்பட்டது பொப் என்பார் இயற்றிய ஒப்பிலக்கணம். ஒப்பிலக்கண நூல் உறக்கத்துக்கு ஏற்ற மருந்து என்பதைப் பலர் ஒப்புவர். ஆனால் அன்று திறந்த பக்கத்தில் வடமொழிச் சொற்களான ‘பிதர்’, ‘ப்ராதர்’ இரண்டும் அவர் கண்ணிற்பட்டன. அவற்றின்மேல் இடப்பட்டிருந்த ஓசைக் குறிகளும் பட்டன. ‘ப்ராதர்’ என்பதில் எடுத்த ஓசை முதலசையில் இருந்தது. ‘பிதர்’ என்பதில் அது இரண்டாம் அசையில் இருந்தது. அதன்பின் அவருக்கு உறக்கம் வந்ததோ இல்லையோ, விதி பிறந்தது.

வேதமோதுவோர் உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் மூவகை ஓசையைப் பேணுவதை நேயர்கள் அறிவர். தமிழிலக்கண உரைகாரர் எடுத்தல், படுத்தல், நலிதல் எனக் குறிப்பிட்ட ஓசை வேறுபாடுகளோடு அவை ஒப்பிடத்தக்கவை. காவிய காலத்து வடமொழியில் அவ்வோசை வழக்கொழிந்தது. வேதத்தில் மாத்திரம், ஆசிரியன் வாயிலிருந்து மாணவன் செவிக்கு, எழுத்தின் உதவியை வேண்டாமலே, தலைமுறை தலைமுறையாக அது இறங்கி வந்தது. ஓரசையின் ஓசை பிறழினும் குற்றமெனக் கருதி ஓதிய அம்மரபினர், தம் காவல் ஒருநாள் வடகடலோரத்து மக்களின் பேச்சுக்குச் சான்றாகப் போகிறதென்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

வேர்ணர் கண்ட விதி இதுதான். மெய்யொலிக்கு நேர் முன்னுள்ள அசையில் எடுத்த ஓசை விழுந்திருந்தால், மூச்சின் வலியால் அம்மெய் உரசொலியாகவே நின்றது. ஓசை அங்கு விழாமல் வேறிடத்தில் விழுந்திருந்தால், அம்மெய் குரல் கலந்து மென்மையுற்று, பின்னர் டகரமாயிற்று. தமையனுக்கு ஓசை முன்னே, ஆதலால் தகரம். தந்தைக்கும் தாய்க்கும் ஓசை பின்னே, ஆதலால் டகரம்.

‘வர்த்’ என்னும் வினையை இவ்விதியின்முன் நிறுத்திப் பார்த்தால் வியப்பு இன்னும் பெரிதாகிறது. அதற்கு நேரான வடமொழி வேர் ‘வ்ருத்’. ‘வர்த்ததே’ என்னும் நிகழ்கால வடிவில் வேதம் எடுத்த ஓசையை முதலில், வேரின்மேல் வைக்கிறது. ‘வவர்த்த’, அதாவது ‘அவன் திரும்பினான்’, என்னும் ஒருமையிலும் ஓசை வேரின்மேல் நிற்கிறது. ‘வவ்ருதிம’, அதாவது ‘நாம் திரும்பினோம்’, என்னும் பன்மையிலோ ஓசை வேரைவிட்டு நீங்கி, இறுதி விகுதிக்குச் செல்கிறது. ‘வ்ருத்த’ என்னும் இறந்தகால எச்சத்திலும் அது ஈற்றிலேயே நிற்கிறது. இப்போது பழைய ஆங்கிலத்தை மீண்டும் அடுக்கிப் பார்க்கலாம்: வெயோர்தன், வெயார்த், வுர்டொன், வொர்டென். ஓசை வேரிலிருந்த இரண்டு வடிவங்களிலும் தகரம். ஓசை விகுதிக்குச் சென்ற இரண்டிலும் டகரம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இக்காரணம் ஆங்கிலத்தினுள்ளே தேடினால் ஒருபோதும் அகப்படாது. ஏனெனில் ஜேர்மானிய மொழிகள் இம்மெய் மாற்றம் நிகழ்ந்த பின்னர், ஓசையை எல்லாச் சொற்களிலும் முதலசைக்கே நகர்த்திவிட்டன. காரணம் அழிந்துவிட்டது; விளைவு மாத்திரம் கிடந்தது. மழை நின்று, மேகமும் கலைந்து, வானம் வெளித்த பின்பு நனைந்த முற்றத்தைப் பார்ப்பவன்போல, அறிஞர் அவ்விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மழையைக் கண்ட சாட்சி பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது.

வேர்ணரின் கட்டுரை 1875இல் எழுதப்பட்டு, கூன் என்பாரின் ஆராய்ச்சி இதழில், 1877ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில் இடம்பெற்றது.  அதன் பின்னர், ஒலி விதிகளுக்கு விலக்கில்லை, விலக்கெனத் தோன்றுவது நாம் இன்னும் காணாத விதியே என்று லைப்சிக் நகரத்து இளம் அறிஞர்கள் முழங்கத் தொடங்கினர். அம்முழக்கத்தில் மிகை இருந்ததென்பது உண்மை. ஆயினும் அம்மிகை பயன் தந்தது. வேர்ணர் தாமோ பிற்காலத்திற் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளைக் கற்பித்து, அதிகம் எழுதாமலே, 1896இல் மறைந்தார்.

வெயோர்தன் வழக்கிறந்தமையால் அதன் த-ட வேறுபாட்டை இன்றைய ஆங்கிலத்திற் காண இயலாது. ஜேர்மன் மொழியும் தன் ‘வேர்டன்’ வினையில் அதனைப் பிற்காலத்தில் நிரவிவிட்டது. ஆனால் வேர்ணர் விதியின் அடையாளத்தை ஆங்கிலம் படிக்கும் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே மனனஞ் செய்கின்றனர். ‘இருந்தான்’ என்பதற்கு ‘வொஸ்’, ‘இருந்தனர்’ என்பதற்கு ‘வேர்’ என்று கற்பிக்கப்படுகிறதன்றோ? ஒருமையில் ஸகரமும் பன்மையில் ரகரமும் வருவது இதே காரணத்தால்தான். ஒருமையில் ஓசை வேரின்மேல் நின்றது. பன்மையில் விகுதிமேல் நின்றது. மென்மையுற்ற ஸகரம் நாளடைவில் ரகரமாயிற்று. அதன் மூலமும் புதிதன்று: ‘வஸ்’ என்னும் வடமொழி வேரோடு அது ஒன்று. வசித்தல், வாசம் என்று தமிழிலும் வழங்கும் சொற்கள் அவ்வேரிலிருந்து வந்தவை.

வடமொழி ‘வ்ருத்’ என்பதற்குச் சுழலுதல், திரும்புதல் என்பது பொருளென்றால், ஆங்கில வினைக்கு ‘ஆதல்’ என்னும் பொருள் எவ்வாறு வந்தது எனக் கேட்கலாம். மூலமொழியில் ‘வெர்த்’ என அறிஞர் மீட்டமைத்துள்ள வேருக்குப் பொருள் திரும்புதலே. இலத்தீனில் ‘வெர்த்தெரே’ என்பது திருப்புதல். உழவன் சாலின் முடிவில் ஏரைத் திருப்புவதுபோல, எழுதுவோன் வரியின் முடிவிற் கையைத் திருப்புவதால், பாட்டின் வரிக்கு இலத்தீனர் ‘வெர்சுஸ்’ எனப் பெயரிட்டனர். ஆங்கிலத்து ‘வேர்ஸ்’ அதுவே. இதே வேரிலிருந்து வடமொழியாளர் தம் யாப்புக்கு ‘வ்ருத்தம்’ எனப் பெயரிட்டனர். கம்பர் கையாண்டு சிறப்பித்த விருத்தத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. பாவினம் தமிழுடையது; பெயர் மாத்திரம் வடமொழி. இரு நாட்டார் இரு வேறு வழியில், ஒருவரை ஒருவர் கேளாமலே, யாப்புக்கு ஒரே வேரைத் தேர்ந்தனர். ருஷ்ய மொழியில் ‘வெரெத்தெனோ’ என்றால் நூல் நூற்கும் கதிர். வேல்ஸ் நாட்டு மொழியிற் கதிருக்கு ‘குவெர்த்திட்’ என்று பெயர். சுழல்வது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

இவ்வேரின் தொன்மையான எழுத்துச் சான்றுகளுள் ஒன்று துருக்கி நாட்டு மண்ணிலிருந்து கிடைத்தது. பொகாஸ்கோய் என்னும் ஊரில், ஹித்தைத்து அரசரின் பழைய தலைநகர் இருந்த இடத்தில், 1906ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தபோது களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றுள் கிக்குலி என்பவனுடைய நூலும் ஒன்று. மித்தன்னி நாட்டைச் சேர்ந்த இக்கிக்குலி, தேர்க் குதிரைகளைப் பழக்கும் ஆசிரியன். எந்நாளில் எத்தனை சுற்று ஓட்டவேண்டும், எப்போது நீர் காட்டவேண்டும், எப்போது தீனி வைக்கவேண்டும் என்று நாள்வாரியாக எழுதுவித்திருக்கிறான். காலம் கி. மு. 14ஆம் நூற்றாண்டளவு. நூல் ஹித்தைத்து மொழியிலிருப்பினும், சுற்றுகளைச் சொல்லுமிடத்தில் அவன் தொழிற்சொற்கள் வேறாக ஒலிக்கின்றன: ஐக்க-வர்த்தன்ன, தேர-வர்த்தன்ன, பன்ஸ-வர்த்தன்ன, சத்த-வர்த்தன்ன, நா-வர்த்தன்ன. ஏகம், திரி, பஞ்சம், சப்தம், நவம் என்று எண்ணத் தெரிந்த எவருக்கும் இவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்று என விளங்கும். இசை மேடையில் ஒரு தாளச் சுற்றை ‘ஆவர்த்தனம்’ என்று வித்துவான்கள் வழங்குவரே, அச்சொல்லின் பிற்பகுதிதான் கிக்குலியின் குதிரைக் களத்தில் மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒலித்தது.

திரும்புதல் ‘ஆதல்’ ஆவதைப் புரிந்துகொள்ளத் தமிழன் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ‘திரிதல்’ என்னும் தூய தமிழ் வினையை நோக்குக. திரி என்பது முறுக்கியது, விளக்குத் திரி. திரிகை என்பது சுழற்றி அரைப்பது. அதே வினை ‘பால் திரிந்தது’ என்னுமிடத்தில் ஒன்று மற்றொன்றாகிவிட்டதைக் குறிக்கிறது. இயற்சொல்லுக்கு எதிரே திரிசொல் என்று தொல்காப்பியம் வகுத்ததிலும், புணர்ச்சியில் ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் திரியும் என்பதிலும் அப்பொருளே. சுழன்று மறுபக்கம் காட்டுவது வேறொன்றாகத் தோன்றும். வேறொன்றாகத் தோன்றுவது வேறொன்று ஆயிற்று என எண்ணப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்த் ‘திரி’யும் ஆங்கில ‘வர்த்’தும் ஒரே பொருள்வழியில் நடந்தன என்பதால் அவை உறவாகிவிடமாட்டா. மனித மனம் ஒன்றுபோல் எண்ணியதன்றி அங்கே வேறு தொடர்பில்லை. தமிழும் அதன் இனமொழிகளும் தனிக் குடும்பமென்று 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்ட, 1856இற் கால்டுவெல் விரிவாக நிறுவினார். ஓசை ஒற்றுமையைக் கண்டு உறவு கொண்டாடுவது அதனினும் இடர் மிக்கது. ‘எட்டு’ என்னும் தமிழையும், ‘எயிற்’ என்னும் ஆங்கிலத்தையும் அருகே வைத்து, இரண்டும் ஒன்றே என மகிழ்வோர் நம்மிடையே இல்லாமலில்லை. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘எயஹ்ட’ என்பது. அதிலுள்ள ஹகரம் இலத்தீன் ‘ஒக்தோ’வின் ககரத்துக்கு நேர். தமிழ்ச் சொல்லோ ‘எண்’ என்பதன் வழி வந்தது. எண்பது, எண்ணூறு என்பவற்றில் அந்த மூலம் வெளிப்படையாய்த் தெரிகிறது. இரண்டின் பழைய வடிவங்களையும் எதிரெதிர் நிறுத்தினால் ஒற்றுமை கரைந்துபோகிறது.

‘வ்ருத்’ என்னும் வேர் கடனாகத் தமிழுக்குள் வந்த கதை வேறு, அது உண்மை. நிவர்த்தி, பரிவர்த்தனை, சக்கரவர்த்தி முதலியவற்றில் அது வெளிப்படையாகவே நிற்கிறது. செய்தியென்று பொருள்பட்ட ‘வார்த்தா’ தமிழில் வார்த்தையாயிற்று. நடந்துகொண்டிருப்பது என்னும் பொருளுடைய ‘வர்த்தமானம்’ நிகழ்காலத்துக்கும், பின் நடப்புச் செய்திக்கும் பெயராயிற்று. 1802ஆம் ஆண்டு முதல் இலங்கை அரசாங்கம் வெளியிட்டுவரும் அரச அறிவித்தலிதழுக்குத் தமிழில் ‘வர்த்தமானி’ என வழங்குவதும் அதனாலேயே. நியமனமும் சட்டமும் கேள்விப்பத்திரமும் தேடி அவ்விதழைப் புரட்டுவோர், அதன் தலைப்பில் நிற்கும் வேரும், எசேக்கியேலின் ஆங்கிலப் புலம்பலில் நிற்கும் வினையும் ஒரு வயிற்றிற் பிறந்தவை என்று எண்ணுவதற்கு நியாயமில்லை.

ஆனால் இங்கும் எழுத்து ஏமாற்றும். சமண தீர்த்தங்கரருள் இறுதியாய் வந்த மகாவீரரின் பெயரும் தமிழில் வர்த்தமானர் என்றே எழுதப்படுகிறது. அது இவ்வேரன்று. வளர்தல் என்று பொருள்படும் ‘வ்ருத்’ என்னும் வேறொரு வேர் வடமொழியில் உண்டு. அதன் ஈற்றிலுள்ளது கனத்த ஒலியுடைய தகரம். அபிவிருத்தி என்னும் சொல் அவ்வேரைச் சேர்ந்தது. தமிழெழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆதலால் வர்த்தமானிக்கும் வர்த்தமானருக்கும் உறவில்லை; வர்த்தமானிக்கும் ஆங்கில ‘வர்த்’துக்கும் உறவு உண்டு.

ஆங்கில வேதாகமத்தின் 20ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகள் பலவற்றில், எசேக்கியேல் முப்பதாம் அதிகாரத்திலிருந்து இவ்வினை நீக்கப்பட்டு, ‘ஐயோ’ என்னும் பொருளுடைய எளிய சொல் வைக்கப்பட்டிருக்கிறது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை விடாது ஓதிவரும் ஆலயங்களில், அவ்வதிகாரம் வாசிக்கப்படும் நாளில் மட்டும், ‘ஆகுக’ என்னும் பழைய வியங்கோள் இன்றும் ஒலிக்கிறது. கேட்போரிற் பலர் அதனைப் பெறுமதி என்றே எண்ணிக்கொள்கின்றனர்.